மரியாதையாகப் பேசும் பேய்கள்

பேய்ப்படம் என்றால் அதில் பேய் வர வேண்டும். கடைசியில் அந்தப் பேய் போக வேண்டும். நாம் பழகிய கணக்கு இதுதான். இப்போது வேறு வகைப் படங்களைத் தேடிப் பார்க்கும் ஒரு தலைமுறை வந்திருக்கிறது. கோபிசெட்டிபாளையத்தில் கல்லூரிக்குப் போகிறவர்களும், விடியற்காலையில் பனியன் கம்பெனி வேன் ஏறித் திருப்பூருக்குப் போகிறவர்களும் கைப்பேசியில் பார்த்துவிட்டுப் பேசிக்கொள்ளும் படங்கள் அவை. பேய் வந்ததா என்று கேட்டால் தெரியாது என்பார்கள். கதை என்ன என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். ஆனால், "படம் பாத்து ரெண்டு நாளாச்சுங்க, இன்னும் மனசு ஒரு மாதிரியாவே இருக்குது" என்பார்கள். காட்சிகள் கனவு போல நகரும். ஏதோ ஒன்று சரியில்லை என்று தெரியும். எது என்று கடைசி வரை பிடிபடாது. இந்தக் கலக்கத்தை ஏன் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள்?

நம் இயக்கத் தோழர்கள் பலர் இந்தக் கேள்வியை இரண்டு விதமாகத் தள்ளிவிடுகிறார்கள். பேய் என்றாலே மூடநம்பிக்கை என்பது ஒன்று. புரியாத படம் மேல்தட்டு ரசனை என்பது இன்னொன்று. இரண்டோடும் எனக்கு உடன்பாடு இல்லை. சாதிய சமூகத்தில் வாழ்கிறவர்களுக்கு, அதிலும் அதன் அடியில் வைக்கப்பட்டவர்களுக்கு, இந்தப் படங்களின் உலகம் புதிது கிடையாது. தினமும் பார்க்கிற, ஆனால் விரல் நீட்டிக் காட்ட முடியாத ஒன்றை அவை காட்டுகின்றன. ஈர்ப்பு அங்கிருந்துதான் வருகிறது.

கணக்கு முடிக்கும் பேய்கள்

கடந்த இருபது ஆண்டுகளில் தமிழில் நன்றாக ஓடிய பேய்ப்படங்களை எடுத்துக்கொள்வோம். 2005இல் 'சந்திரமுகி', 2011இல் 'காஞ்சனா', 2014இல் தொடங்கி 2024இல் நான்காம் பாகம் வரை வந்துவிட்ட 'அரண்மனை'. ஏறக்குறைய ஒரே சட்டகம். ஒரு பெரிய வீடு. முன்பு எப்போதோ அநியாயமாகக் கொல்லப்பட்ட ஓர் உயிர். இடைவேளைக்குப் பிறகு ஃப்ளாஷ்பேக். பிறகு பழி தீரும், பூசை நடக்கும், குடும்பம் சிரிக்கும்.

இதில் உண்மையும் இருக்கிறது. 'காஞ்சனா'வில் பேயாக வருவது யார்? நிலத்துக்காகக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கையும், அவருக்கு அடைக்கலம் கொடுத்த இஸ்லாமியரும், அவருடைய மகனும். உயிரோடு இருந்தபோது கிடைக்காத நீதி செத்த பிறகு கிடைக்கிறது. தியேட்டரில் கைதட்டியவர்கள் அந்த நீதிக்குத்தான் கைதட்டினார்கள். ஆனால் விளக்கு எரிந்ததும் எல்லாம் முடிந்துபோகிறது. பேயின் கணக்கும் முடிந்தது, நம் கணக்கும் முடிந்தது.

இந்தச் சட்டகத்தைக் கோடம்பாக்கம் கண்டுபிடிக்கவில்லை. நம் கிராமத்துச் சாமிகளில் பலர் கொலையுண்ட மனிதர்கள். மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காத்தவராயன் கழுவேற்றப்பட்டவன். இருவர் கதையிலும் சாதி தாண்டிய காதல் இருக்கிறது. கொன்ற சமூகமே பிறகு பயந்துபோய்ச் சிலை வைத்தது. ஆண்டுக்கு ஒருமுறை கிடா வெட்டி, சாராயமும் சுருட்டும் வைத்துப் படையல் போட்டது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அந்த வழிபாடு தங்கள் முன்னோரின் நினைவு. அதை நான் குறைத்துப் பேசவில்லை. கொன்றவர்களின் பக்கத்துக்கு அது வேறு ஒன்று. படையல் போட்டால் பயம் தீர்ந்தது, கொலைக்கான காரணத்தைத் தொடவே வேண்டியதில்லை. பேய்ப்படத்தின் கடைசிக் காட்சிப் பூசை அந்தப் படையலின் தொடர்ச்சிதான்.

மனதைக் கலக்கும் படம் இந்தப் படையலைப் போட மறுக்கிறது. அதனால்தான் வீட்டுக்கு வந்த பிறகும் அது நம்மை விடுவதில்லை.

டீக்கரண்டியின் ஓசை

2017இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கிய ஜோர்டன் பீலின் 'கெட் அவுட்' படத்தைப் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பார்கள். கறுப்பின இளைஞன் ஒருவன் தன் வெள்ளைக்காரக் காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் போகிறான். யாரும் அவனை அவமதிக்கவில்லை. காதலியின் அப்பா கட்டி அணைத்து வரவேற்கிறார். ஒபாமாவுக்கு மூன்றாவது முறையும் வாக்களித்திருப்பேன் என்கிறார். வேலைக்காரப் பெண்ணும் தோட்டக்காரரும் கறுப்பினத்தவர்கள். அவர்கள் சிரிக்கிறார்கள், ஆனால் அந்தச் சிரிப்பு சரியில்லை. இரவில் காதலியின் அம்மா எதிரே உட்கார வைத்து அன்பாகப் பேசியபடி டீக்கோப்பையில் கரண்டியைச் சுற்றுகிறார். அந்த ஓசையில் அவன் உடம்பு அசைவற்றுப் போகிறது. இருட்டுப் பள்ளம் ஒன்றில் விழுந்துகொண்டே இருக்கிறான். உலகம் தூரத்தில் ஒரு சின்னத் திரையாகத் தெரிகிறது. கத்தினாலும் சத்தம் வெளியே வராது.

அந்தக் காட்சியை ஒரு வெள்ளைக்காரர் எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியாது. டீக்கடையில் தனி டம்ளர் பார்த்த ஊர்க்காரர்களுக்கு அது நன்றாகவே விளங்கும். கொட்டாங்குச்சியில் ஊற்றினார்கள், பிறகு தனி டம்ளர் வைத்தார்கள். போராட்டமும் வழக்கும் வந்த பிறகு பல இடங்களில் டம்ளர் போய்க் காகிதக் கப் வந்தது. கேட்டால் சுத்தம் என்பார்கள். "உங்களுக்குக் கப்புலயே குடுத்தரட்டுங்களா?" என்று மரியாதையாகவே கேட்பார்கள். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. நீங்கள் எந்தத் தெரு என்பது மட்டும் கடைக்காரருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. வழக்குப் போட என்ன ஆதாரம் இருக்கிறது? பக்கத்தில் நிற்கும் நண்பனிடம் சொன்னால், "உனக்கு எதுக்கெடுத்தாலும் அதே நெனப்புடா" என்பான். நடந்தது நடந்ததுதானா என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும். இந்தச் சந்தேகம்தான் அந்தப் படங்களின் உயிர்நாடி.

2024 பிப்ரவரியில் வந்த 'பிரமயுகம்' என்ற மலையாளப் படமும் இப்படித்தான். ராகுல் சதாசிவன் முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். பதினேழாம் நூற்றாண்டு மலபார். அடிமை வாழ்விலிருந்து தப்பி ஓடும் தேவன் என்ற பாணர் சாதிப் பாடகன், காட்டுக்குள் ஒரு பாழடைந்த மனைக்கு வந்து சேர்கிறான். மம்மூட்டி நடித்த கொடுமண் போற்றி அவனை விரட்டவில்லை. உள்ளே அழைக்கிறார், சோறு போடுகிறார், பாடச் சொல்கிறார், சாதியெல்லாம் பார்ப்பதில்லை என்ற தோரணையில் பேசுகிறார். பிறகு பகடை ஆட அழைக்கிறார். பந்தயம் என்ன தெரியுமா? தேவனின் காலம். அவன் தோற்கிறான். அதற்கு மேல் அந்த வீட்டைவிட்டு வெளியேற வழியில்லை. இன்று என்ன நாள், வந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதும் மறந்துபோகிறது.

பண்ணையத்தில் முன்பணம் வாங்கிச் சேர்ந்து, கணக்கு ஒருநாளும் தீராமல், மகனையும் அதே பண்ணையத்தில் விட்டுவிட்டுச் செத்துப்போனவர்களின் கதையை எங்கள் பக்கத்து வளவுகளில் கேளுங்கள். பகடையும் மந்திரமும் மட்டும்தான் அதில் இருக்காது.

கொங்குத் தமிழின் இரு முகம்

கொங்குத் தமிழின் மரியாதையைத் தமிழ்நாடே கொண்டாடுகிறது. "வாங்க", "ஏனுங்க", "சொல்லுங்க" என்று ஒவ்வொரு சொல்லிலும் 'ங்க' ஒட்டிக்கொள்ளும் இனிமையைச் சினிமா நகைச்சுவையாகவும் பெருமையாகவும் காட்டியிருக்கிறது. அந்த 'ங்க' யாருக்கு யார் போடுவது என்ற கேள்வியைத்தான் சினிமா கேட்கவில்லை. எழுபது வயது அருந்ததியர் முதியவரைப் பண்ணையக்காரர் வீட்டுப் பத்து வயதுப் பையன் "வாடா" என்பான். முதியவர் "வர்றனுங்க சாமி" என்பார். இருவர் குரலிலும் கோபம் இருக்காது. கொஞ்சம் பாசம்கூட இருக்கும். அதுதான் நம்மை உறைய வைக்க வேண்டியது. இது இன்று எல்லா இடத்திலும் இப்படியே இல்லை என்பதும் உண்மை. படித்த இளைஞர்கள் அதை உடைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். உடைக்கும்போது முதலில் வரும் குற்றச்சாட்டு என்ன? "பையனுக்கு மரியாதை தெரியலை."

கோபி பகுதியை ஒருகாலத்தில் சின்னக் கோடம்பாக்கம் என்றே அழைத்தார்கள். பவானி ஆறு, கொடிவேரி அணை, தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாயும் நெல்வயல்கள், தென்னந்தோப்புகள் எல்லாம் எண்பது தொண்ணூறுகளின் கிராமத்துப் படங்களில் பச்சைப் பசேலென்று வந்தன. அதே காலத்தில்தான் 'சின்னக் கவுண்டர்' (1992), 'எஜமான்' (1993), 'நாட்டாமை' (1994) என்று தீர்ப்புச் சொல்லும் பெரிய மனிதர்களைத் தமிழ்நாடு கைதட்டி வரவேற்றது. அந்தக் கிராமம் ஒரு கனவு. அங்கே எல்லோரும் எஜமானை நேசிப்பார்கள். வயலில் வேலை செய்கிறவர்கள் பாட்டுக்கு நடுவில் சிரித்துவிட்டு மறைந்துபோவார்கள். அவர்கள் எந்தத் தெருவுக்குத் திரும்பிப் போனார்கள் என்று கேமரா பின்னால் போனதில்லை. இயல்புக்கு மாறான படம் எது என்று இப்போது சொல்லுங்கள். கனவு போல நகரும் திகில் படமா, 'நாட்டாமை'யா?

இதே கோபியில் இன்னொரு காட்சியும் இருந்தது. உலர் கழிப்பிடங்கள் இருந்த காலத்தில், ஒவ்வொரு நாள் காலையிலும் வீட்டின் பின்சந்து வழியாக ஒருவர் வந்து மலத்தை அள்ளிக்கொண்டு போனார். அந்த வீட்டில் இருந்தவர்கள் அவர் முகத்தை ஒருநாளும் பார்க்கவில்லை. தினமும் வீட்டுக்கு வருகிற, ஆனால் வீட்டார் கண்ணுக்குத் தெரியாத ஒரு மனிதர்! எந்தத் திகில் பட இயக்குநருக்கு இப்படி ஒரு காட்சி தோன்றும்? எண்பதுகளின் பிற்பகுதியில் கோபி நகராட்சித் தலைவராக இருந்த ஜி.எஸ்.லட்சுமண ஐயர் அந்த முறைக்கு முடிவு கட்டினார். தலித் மக்களைத் தன் வீட்டுக்குள் அழைத்ததற்காகச் சொந்தச் சாதியின் புறக்கணிப்பைச் சந்தித்த குடும்பம் அவருடையது. எல்லோரும் சாதாரணம் என்று கடந்துபோனதைச் சாதாரணம் இல்லை என்று பார்த்த கண் அவருக்கு இருந்தது. நல்ல திகில் படம் பார்வையாளருக்குக் கொடுக்க முயல்வதும் அந்தக் கண்ணைத்தான்.

அம்பேத்கர் தங்கிய விடுதி

இந்த வகை எழுத்துக்கு நமக்கு ஒரு முன்னோடி உண்டு. அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலைச் சாதிக் கொடுமைகளின் பட்டியலாக மட்டும் படிக்கிறோம். பரோடா பகுதியை இன்னொரு முறை படியுங்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பி 1917இல் பரோடா அரசின் வேலைக்குப் போனவருக்குத் தங்க இடம் இல்லை. ஒரு பார்சி விடுதியில், பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத் தங்குகிறார். மாடியில் அவர் மட்டும். பெரிய கூடம் முழுவதும் இருட்டு. காவலாளி கொண்டுவந்து வைக்கும் சின்ன விளக்கு ஒன்றுதான் வெளிச்சம். அந்தக் கூடத்தில் குடியிருந்த வௌவால்கள் பறக்கும்போது தன் உடம்பு சிலிர்த்ததை எழுதுகிறார். தான் அந்நியமான ஓர் இடத்தில் இருப்பதை மறக்க நினைக்கும்போதெல்லாம் அவை நினைவூட்டின என்கிறார். பதினோராம் நாள் காலையில் ஒரு டஜன் பேர் கம்புகளோடு மாடி ஏறி வருகிறார்கள்.

கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்த அறிஞர், தன் பெயரை மறைத்துக்கொண்டு, வௌவால் பறக்கும் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். பேய் இல்லை. மாடிப்படியில் காலடிச் சத்தம் எப்போது கேட்கும் என்ற பயம் மட்டும் இருக்கிறது. நகரத்தில் வாடகை வீடு தேடி, கேட்காமல் கேட்கப்படும் சாதிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சமாளித்துக் குடியிருக்கும் ஒவ்வொரு தலித் இளைஞருக்கும் இளம்பெண்ணுக்கும் அந்தக் காலடிச் சத்தம் தெரியும்.

திரையில் தெரிவது நானில்லை

ஜப்பானிய இயக்குநர் ஹிடியோ நகாதாவின் 'டார்க் வாட்டர்' 2002இல் வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு குழந்தையின் மரணம் ஒளிந்திருக்கிறது. கூரையில் ஈரம் கசிந்துகொண்டே இருக்கிறது. உலகமே அதைப் பார்த்து நடுங்கியது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், சிபிசிஐடி குற்றப்பத்திரிகையில் அதே தலித் குடியிருப்பைச் சேர்ந்த மூவரின் பெயர்கள் இருந்தன. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களே குற்றவாளிகளாக நிற்கும் இந்தத் திருப்பத்தை ஒரு திரைக்கதையில் எழுதினால் தயாரிப்பாளர் நம்ப மாட்டார்.

கொங்கு மண்ணின் உறைய வைக்கும் படம் திருச்செங்கோட்டில் பதிவானது. கோபியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். 2015 ஜூன் 23 அன்று அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குத் தோழியோடு வந்த கோகுல்ராஜ் என்ற தலித் பொறியியல் பட்டதாரி கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிப்பாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் உடல் கிடைத்தது. தற்கொலை என்று நம்ப வைக்க ஏற்பாடும் இருந்தது. வழக்கின் முக்கிய ஆதாரமாக நின்றது கோயிலின் சிசிடிவி பதிவு. அதில் அலறல் இல்லை, ரத்தம் இல்லை. கோயிலுக்கு வருகிறவர்கள் வருகிறார்கள், போகிறவர்கள் போகிறார்கள். பட்டப்பகல்.

2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்குத் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. இடையில் 2022 நவம்பரில் உயர் நீதிமன்றத்தில் ஒன்று நடந்தது. முக்கியச் சாட்சியான பெண்ணை அழைத்து அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். திரையில் தெரியும் பெண் தானில்லை என்றார் அவர். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தன் உருவத்தையே தன்னுடையது என்று சொல்ல முடியாத இடத்துக்கு ஒரு மனிதரைத் தள்ளும் சூழல் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்று யோசியுங்கள். கண்ணாடியில் வேறு முகம் தெரியும் காட்சியை உலகத்தின் எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறோம். நம் ஊரில் அது நீதிமன்றத்தில் நடந்தது.

நம்மவர்களின் கனவுக் காட்சிகள்

இதைத் திரையில் சொல்லும் மொழியை நம் இயக்குநர்கள் கண்டுபிடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். 2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் தமிழ் சினிமாவின் மிகக் கொடிய உருவம் இருக்கிறது. 'கராத்தே' வெங்கடேசன் நடித்த அந்த முதியவர். அரிவாள் தூக்குவதில்லை, வசனம் பேசுவதில்லை. ஓடும் பேருந்திலும், குளிக்கும் நீரிலும் விபத்து போலவே கொன்றுவிட்டுப் போகிறார், ஏதோ குலசாமிக்கு நேர்த்திக்கடன் செலுத்துகிறவர் போல. செத்துப்போன கறுப்பி நாய் நீல நிறத்தோடு திரும்பி வருகிறது. கடைசிக் காட்சியில் இரண்டு டீ டம்ளர்கள், நடுவில் ஒரு மல்லிகைப் பூ. கணக்கு முடிந்ததா? இல்லை. படம் முடிகிறது, அவ்வளவுதான். மாரி செல்வராஜின் 'கர்ணன்' (2021) படத்திலும் நடுச்சாலையில் வலிப்பு வந்து துடிக்கும் சிறுமியைத் தாண்டி வண்டிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. செத்த அந்தச் சிறுமி சாமி முகமூடியோடு படம் முழுக்க வருகிறாள். யார் கழுத்தையும் அவள் நெரிக்கவில்லை. பார்த்துக்கொண்டு நிற்கிறாள். படையல் கேட்காத அந்தப் பார்வையைத் தாங்க முடிவதில்லை.

பெரியார் மாவட்டத்துக்காரர்களான நமக்கு ஓர் அச்சம் நியாயமாகவே உண்டு. பேயைத் திரையில் வளர்த்தால் பூசாரியும் சேர்ந்து வளர்வான். அதனால் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். பேயை நம்பச் சொல்லி, தாயத்தும் தெய்வமும் காப்பாற்றும் என்று முடிக்கும் படம் ஒரு வகை. பேயை வைத்து, 'இந்தப் பயத்தை உண்டாக்கியவர் யார்?' என்று கேட்க வைக்கும் படம் இன்னொரு வகை. பகுத்தறிவு தொடங்குவதே அந்தக் கேள்வியில்தானே!

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. கலக்கும் படம் எல்லாமே நம் படம் ஆகிவிடாது. கறுப்பு உடம்பு, பறையொலி, சுடுகாடு, வெட்டியான், மலையிலிருந்து வரும் மந்திரவாதி என்று ஒடுக்கப்பட்டவர்களின் அடையாளங்களையே பயத்தின் அடையாளமாக வைக்கும் படங்கள் ஏராளம். சுடுகாடு யாருக்குத் திகில்? அங்கே வேலை செய்ய நிர்பந்திக்கப்பட்டவருக்கு அது சாதி சுமத்திய வேலையிடம். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போக வழி மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தரத்தில் தொங்கிய அந்தப் பாடையைவிடப் பயங்கரமான காட்சியை எந்தச் சுடுகாட்டுப் பேய்ப்படம் காட்டியிருக்கிறது?

ஆதிக்க சாதி இளைஞர்களும் இந்தப் படங்களை ரசிக்கிறார்கள். இரண்டு மணி நேரம், தங்களுக்கு இடமில்லாத ஒரு வீட்டுக்குள், சிரித்த முகங்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறார்கள். துண்டறிக்கையாலும் மேடைப் பேச்சாலும் அவர்களுக்குள் அந்த உணர்வை உண்டாக்குவது கடினம். ஆனால் படம் முடிந்ததும் கதவைத் திறந்து அவர்களால் வெளியே போய்விட முடிகிறது. கதவு திறக்காதவர்கள் யார் என்று அந்த நேரத்தில் பேசத் தொடங்குவது நம் வேலை. திரையிடல் நடத்துங்கள். படத்துக்குப் பிறகு விளக்கைப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

கொங்கு மண்ணிலிருந்து இப்படி ஒரு படம் வர வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு. இருட்டு வேண்டாம், ராத்திரியே வேண்டாம். கோபியின் அதே பச்சை வயல், நல்ல வெயில். தொட்டிக்கட்டு வீடு ஒன்று. ஆசாரத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லோரும் இனிக்க இனிக்கப் பேசுகிறார்கள். வாசலில் ஒருவர் நிற்கிறார். காலையிலிருந்து நிற்கிறார். அவரை யாரும் போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. கேமரா அவருக்குப் பின்னால் போய், அவர் கண் வழியாக அந்த வீட்டைப் பார்க்கட்டும். பின்னணி இசைகூடத் தேவைப்படாது. இளம் இயக்குநர்கள் யாராவது எடுங்கள். பார்க்க நாங்கள் இருக்கிறோம்.